கடைசி பெஞ்சில் சிகாமணி சார்

ஜூன் 29, சனி

காலை ஜெபம் முடித்து, மாவு ஆட்டி, மாங்காய்த் துண்டுகளை உப்பில் பிரட்டி மொட்டைமாடியில் காயப் போட்டேன். மத்தியானம் மேகம் கூடியதால் இரண்டு தடவை படி ஏறி இறங்க வேண்டியதாயிற்று. மழை பெய்யவில்லை. முழங்கால்தான் வலிக்கிறது.

இவர் இன்று வழிகாட்டி ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"இருபத்தொம்பது வருசமா பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கேன் லீதியா. இப்பம் என்னைய உக்காந்து பாக்கதுக்குப் படிக்கச் சொல்லுதாவ."

"எதைப் பாக்கதுக்கு?"

"திங்கக்கிழமை பி.எட். படிக்க பிள்ளை ஒண்ணு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருது. அஞ்சு வாரம். என் ஏழாங்கிளாஸுக்கு அதுதான் கணக்கு நடத்தும். நான் கடைசி பெஞ்சுல வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். சாக்பீஸைத் தொடப்பிடாது. அது தப்பு விட்டாலும் நடுவுல பேசப்பிடாது. வகுப்பு முடிஞ்ச பொறவு, 'நீ என்ன கவனிச்சே?'ன்னு முதல்ல அதுகிட்ட கேக்கணும். கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கணுமாம்."

"நல்லாத்தானே இருக்கு?"

"என்ன நல்லா இருக்கு? அந்தப் பிள்ளை நடத்துத கணக்கு என் பிள்ளைகளுக்குல்லா?"

பயிற்சி கொடுத்தவர் மெர்லின் மேடம் என்ற பெண். வயது நாற்பதுகூட இருக்காதாம். இவருக்கு அதுவும் ஒரு குறை. கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். குடித்தபின் கொஞ்சம் தணிந்தார்.

ஜூலை 1, திங்கள்

அந்தப் பெண் வந்துவிட்டாளாம். பெயர் முத்துஇசக்கி. உடன்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு பஸ் மாறி வருகிறாள். "எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "கையெழுத்து நல்லாருக்கு" என்றார். இவர் வாயிலிருந்து முதல் நாளே பாராட்டு வந்தது. ஸ்தோத்திரம்.

ஜூலை 3, புதன்

பாராட்டு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதை இசக்கி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, பின்னால் இருந்த இவர் எழுந்து போய், "கொஞ்சம் எடுத்துக் குடுத்தாராம்". எடுத்துக் கொடுப்பது என்றால் சாக்பீஸை அவள் கையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான். மணி அடிக்கிற வரைக்கும் இவரே நடத்தியிருக்கிறார். சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னார்.

"அது என்ன செஞ்சுது?" என்றேன்.

"யாரு?"

"அந்தப் பிள்ளை."

யோசித்தார். "ஓரமா நின்னுச்சு."

நான் இன்னும் கொஞ்சம் மோர் விட்டேன். ஏதோ சொல்ல நினைத்தேன். பிறகு கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டேன். துணி காய்ந்திருக்கவில்லை.

ஜூலை 6, சனி

இரண்டாவது பயிற்சி நாள். இன்று வீட்டுப்பாடம் வேறு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாராவது தினமும் செய்கிற ஒரு வேலையை அருகில் இருந்து பேசாமல் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நல்லது, கெட்டது, சரி, தவறு என்று ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

வீட்டில் நான்தான் இருக்கிறேன்.

நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டு, கண்ணாடி மாட்டி, நோட்டோடு உட்கார்ந்தார். நான் புளிக்குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன புதிதில்கூட இவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கத்தி நழுவியது.

"ஏட்டி, கையப் பாத்து..."

"பேசப்பிடாது."

வாயை மூடிக்கொண்டார். தாளிக்கிறபோது மறுபடியும், "கடுகு கூடுதலா..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டார்.

முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். 'தேவைக்கு மேல் எண்ணெய் ஊற்றினாள். தீயைக் குறைக்க மறந்தாள். பழக்கதோஷத்தால் கரண்டியை ஈரத்தோடு வைத்தாள்.'

"இதுல எதைக் கண்ணால பாத்திய?"

"எல்லாமே பாத்ததுதான்."

"நான் மறந்ததை எப்படிப் பாத்திய?"

குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். அதையும் நான் பார்த்தேன், எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். காணிக்கைக் கணக்கை ஒப்படைத்தேன், சரியாக இருந்தது.

சாயங்காலம் பியூலா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சம்பளம் கூட்டியிருக்கிறார்களாம். "அப்பாட்ட குடுக்கட்டா?" என்றேன். "இல்லம்மா, துணி ஊறப் போட்டுருக்கேன்" என்றாள். போன வாரம் இட்லி அடுப்பில் இருந்ததாம். பிள்ளைக்கு வேலை அதிகம்.

ஜூலை 10, புதன்

மெர்லின் மேடம் வீட்டுப்பாடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எல்லா வரியின் கீழும் சிவப்புக் கோடு. 'இது உங்கள் கருத்து' என்று ஓரத்தில். இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்புக் கோடு போட்ட மனுஷர், தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

மறுபடியும் நாற்காலி அடுப்படி வாசலுக்கு வந்தது. இன்று உளுந்தங்கஞ்சி. இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வாசித்தார்:

'மூடியை மூன்று முறை திறந்தாள். கிண்டும்போது வாசலை ஒரு முறை பார்த்தாள். அடுப்பைச் சிறிதாக்கினாள். கிண்டுகிற நேரம் முழுவதும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.'

அதோடு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உதடு எதுக்கு அசையுது லீதியா?"

"ஜெபம்."

"சமைக்கும்போதா?"

"கிண்டுதப்பம் கை வேலை செய்யும். வாய் சும்மாத்தானே இருக்கு? ஒவ்வொரு ஆளா நெனச்சு ஜெபிப்பேன்."

"எப்பத்துல இருந்து?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து."

யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கஞ்சி அடிபிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வகுப்பில் பேசாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். என் டப்பாவிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துப் போய் மணி அடித்ததும் வாயில் போட்டுக்கொள்கிறார். கரைகிற வரை பேச முடியாது. நேற்று மாரிச்செல்வம் என்ற பையன் தலைமையாசிரியையிடம் போய், "சார் மட்டும் கிளாஸ்ல மிட்டாய் திங்காரு டீச்சர்" என்று சொல்லிவிட்டானாம்.

கற்கண்டு நின்றது. பேச்சும் நின்றிருக்கிறது. அவளிடமிருந்து சாக்பீஸை வாங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

பாடக் குறிப்பில் கையெழுத்து வாங்க இசக்கி வீட்டுக்கு வந்தாள். இவர் சலூனுக்குப் போயிருந்தார். ஒல்லியான பெண், வெயிலில் நடந்து நடந்து நெற்றி மட்டும் கறுத்திருக்கிறது. "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறாள். அந்த அழைப்பு எனக்கு இன்னும் பழகவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள்.

"சார் இப்பம் நடுவுல பேசுதது இல்லையே?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. பேசுதது இல்ல." இரண்டு காம்பு உருவினாள். "ஆனா நான் ஒரு கேள்வி கேட்டா, பிள்ளைக பதில் சொல்லுததுக்கு முன்னாடி திரும்பி சார் மூஞ்சியப் பாக்குதுக. சார் புருவம் மேல போனா பதிலை மாத்திடுதுக. தலை லேசா ஆடுனா சத்தமாச் சொல்லுதுக. நான் எதுக்கு முன்னால நிக்கேன்னு தெரியல."

"நீ சார்ட்ட சொன்னியா?"

"அய்யோ! எப்படி ஆன்ட்டி சொல்ல?"

பிறகு மற்றதையும் சொன்னாள். அவள் அப்பாவுக்கு அவள் டீச்சராவதில் விருப்பம் இல்லை. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் அவள் சித்தப்பா இருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை காத்திருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி கல்லூரியிலிருந்து பேராசிரியர் அம்மா வந்து இவள் வகுப்பைப் பார்ப்பார். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லப் போற?"

"நெசமாச் சொல்லணும்னா ஆன்ட்டி, அந்தக் கிளாஸ்ல நான் டீச்சர் இல்ல. சும்மா வந்து நிக்கேன். இப்படியே போச்சுன்னா படிப்பை விட்டு நின்னுக்கிடலாம்னு இருக்கேன். மெஷின் முன்னால உக்காந்தா அதாச்சும் என்னையப் பாக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கீரையை ஒதுக்கிவிட்டுக் காப்பி போட எழுந்தேன். பின்னாலேயே வந்து, "ஒங்க பொண்ணும் பி.எட். முடிச்சவங்களாமே? பக்கத்துக் கிளாஸ் டீச்சர் சொன்னாங்க. நம்ம பள்ளிக்கூடத்துலதான் டிரெயினிங் எடுத்தாங்களாம்?" என்றாள்.

"ஆமா. எட்டு வருசம் ஆச்சு."

"சார் கிளாஸ்லயா?"

"ஆமா."

"அப்பொறம் ஏன் ஆன்ட்டி டீச்சர் வேலைக்குப் போகல?"

"பால் பொங்குது பாரு" என்றேன். அடுப்பு இன்னும் பற்ற வைக்கவே இல்லை. அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். நல்ல பெண், வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

அவள் சொன்னதை நான் இவரிடம் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. அல்லது இவராகப் பார்க்க வேண்டியது. ஆனால் கிண்டும்போதெல்லாம் அதற்காகத்தான் ஜெபித்தேன்.

இன்று பள்ளிவிட்டு வந்து காப்பி குடிக்காமல் நோட்டை எடுத்து நீட்டினார். "இதை வாசி."

'இசக்கி கேள்வி கேட்டாள். ஜெபினா திரும்பி என்னைப் பார்த்தாள். மாரிச்செல்வம் திரும்பி என்னைப் பார்த்தான். இசக்கி இரண்டாவது கேள்வி கேட்டாள். முதல் வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. இசக்கியும் என்னைப் பார்த்தாள்.'

நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் பேசவே இல்ல லீதியா. வாயத் திறக்கல."

"தெரியும்."

"என் மூஞ்சிய என்ன செய்யட்டும்?"

கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் இவர் என்னிடம் விடை தெரியாமல் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இருவரும் காப்பி குடித்தோம்.

ஜூலை 22, திங்கள்

சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

மூஞ்சியை மறைக்க இவர் கண்டுபிடித்த வழி, தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வது. இசக்கி கரும்பலகைப் பக்கம் திரும்பி முக்கோணம் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். இவர் கையைக் கோத்து மேசைமேல் வைத்து, தலை குனிந்து, கண்ணை மூடியிருக்கிறார்.

மாரிச்செல்வம் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்திருக்கிறான். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தலை குனிந்து கண்ணை மூடினால் ஒரே அர்த்தம்தான். அவன் அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிற வீட்டுப் பிள்ளை. ஆனாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறான். டக்கென்று எழுந்து, கைகூப்பி, கண்ணை மூடிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் பார்த்து எழுந்தான். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

இசக்கி முக்கோணத்தை முடித்துத் திரும்புகிறாள். வகுப்பு முழுவதும் கண்ணை மூடி நிற்கிறது. வழிகாட்டி ஆசிரியரும் ஜெபத்தில் இருக்கிறார். யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தாளாம். அவளும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மூஞ்சி தெரிந்துவிடும். பிள்ளைகள் திறக்கவில்லை, சார் ஆமென் சொல்லவில்லை. இசக்கி திறக்கவில்லை, எப்போது திறப்பது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வகுப்பு டீச்சர், ஏழாம் வகுப்பில் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்து, அவரும் வாசலில் நின்று ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் தலைமையாசிரியை வந்து இவர் தோளைத் தொட்டு, மெதுவாக, "சார், யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னிய?"

"என்ன சொல்ல? ஆமென்னு சொன்னேன். எல்லாரும் உக்காந்தாவ."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்கு அந்தப் பீரியடும் போச்சு" என்றார். அதன்பின் சிரிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கையெழுத்துக்கு வரச் சொல்லி இசக்கியை அழைத்திருந்தார். நான் சுக்குக் காப்பியும் முறுக்கும் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே போகாமல் கதவோரம் நின்றேன். தப்புத்தான். ஆனால் நின்றேன்.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "ஒன் கிளாஸ்ல நான் என்ன செஞ்சா ஒனக்கு ஒதவியா இருக்கும்?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நீங்க நல்லாத்தான்..."

அவர் பேசவில்லை. காத்திருந்தார். சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது. வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போனார், சாளை மீன், வாங்க வேண்டும் என்று நினைத்தேன், நகரவில்லை. இவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைப் பிரசங்க நேரத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"சார், தப்பா நெனைக்கப்பிடாது."

"சொல்லு."

"நீங்க பின்னால உக்கார வேண்டாம் சார். பிள்ளைகளோட பிள்ளையா பெஞ்சுல உக்காருங்க. நான் அதுககிட்ட கேக்க மாதிரி ஒங்ககிட்டயும் கேள்வி கேப்பேன். நீங்களும் கையத் தூக்கித்தான் பதில் சொல்லணும்."

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். கையெழுத்துப் போட்டார். அவள் போனபின் நோட்டை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாழைக்குத் தண்ணீர் விட்டார். காலையிலேயே நான் விட்டிருந்தேன்.

ஜூலை 24, புதன்

இவர் பேசவில்லை. ரசம் நன்றாக வந்திருந்தது.

ஜூலை 25, வியாழன்

உட்கார்ந்துவிட்டார்! இரண்டாவது வரிசையில், மாரிச்செல்வத்துக்கும் இன்னொருவனுக்கும் நடுவில். முழங்கால் பெஞ்சுக்கடியில் நுழையவில்லையாம். ஒரு காலை நடைவழியில் நீட்டியிருந்ததில் வருகிற போகிற பிள்ளைகள் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். இசக்கி கேள்வி கேட்டதும் கையைத் தூக்கியிருக்கிறார். இவருக்கு முன் பெவின் தூக்கியிருந்தான் என்று அவனைத்தான் கேட்டாளாம். "என்னையக் கேக்கவே இல்ல," என்றார், நிஜமான ஆதங்கத்தோடு.

ஜூலை 30, செவ்வாய்

ஆனால் காரியம் நடக்கவில்லை. முன்பெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்த பிள்ளைகள் இப்போது பக்கவாட்டில் இவர் நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள். சார் போட்டால் சரியாகத்தான் இருக்கும். மாரிச்செல்வம் வரி மாறாமல் பார்த்து எழுதுகிறான்.

"நான் வேணும்னே தப்பா ஒரு விடை போடுதேன், அதுக்கப்புறம் பாக்க மாட்டானுவன்னு சொன்னேன். அந்தப் பிள்ளை ஒத்துக்கிடல."

"ஏனாம்?"

"'பொய்யாப் போட வேண்டாம் சார். பிள்ளைக கண்டுபிடிச்சிரும். எனக்கும் அது பிடிக்கல'ன்னுட்டு." கொஞ்சம் பொறுத்து, "நெசமாத் தப்பு விடுததுக்கு ஏழாங்கிளாஸ் கணக்குல எனக்கு என்ன இருக்கு லீதியா?" என்றார். பெருமை இல்லை அந்தக் குரலில். பாரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இடையில் இரண்டு நாள்தான். இசக்கியின் சித்தப்பா கடையில் இடம் பேசிவிட்டாராம். இன்று காலை பஸ்ஸில் வரும்போது அப்பா போனில் சொன்னதாக இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஒனக்குத் தெரியுமா, அது நின்னுக்கிடப் போகுதாம்?"

"தெரியும்."

"எங்கிட்டச் சொல்லலியே?"

"கேக்கலியே நீங்க."

திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "பியூலாவும் ஒரு நாளும் சொல்லல," என்றார். "மூணாவது நாள் வகுப்பு. நான் சாக்பீஸை வாங்குனேன். அதுக்கப்பொறம் அந்தக் கிளாஸுக்கு அவ முன்னால போய் நிக்கவே இல்ல. ஓரமா நின்னே டிரெயினிங்கை முடிச்சா. நான் அவளுக்கு ஒதவி செய்ததாத்தான் நெனச்சேன்."

அரிசியை இன்னொரு தடவை புடைத்தேன். கல் அதிகம் இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் இவர் வேதம் வாசிக்கும்போதே கால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டையை இரண்டு தடவை மாற்றினார். "நீங்களா பாடம் நடத்தப் போறிய?" என்றதற்கு முறைத்தார். வாசலில் நின்று, "ஜெபிச்சுக்கோ" என்றார். நான் நாலு மணியிலிருந்தே ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

பகல் முழுவதும் கை ஓடவில்லை. மிளகாய் வறுத்தேன், கருகிவிட்டது. பள்ளி விடுகிற நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நின்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். தூரத்திலேயே இருவர் கையும் காற்றில் எதையோ மடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து உட்காருவதற்குள் ஒருவர் பேச்சை ஒருவர் வாங்கி, ஒன்றும் புரியவில்லை. "ஒரு ஆள் சொல்லுங்க" என்றேன். இவர் இசக்கியைக் காட்டினார். அவள் சொன்னாள். நான் எழுதுவது அதுதான்.

பாடம் சமச்சீர். பேராசிரியர் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இசக்கி ஒரு வெள்ளைத் தாளை எல்லாரும் பார்க்கப் பாதியாக மடித்தாள். மேலிருந்து கீழாக மறுபடி பாதி. பக்கவாட்டில் இன்னொரு பாதி. கையில் சின்னச் சதுரம்போல ஒரு மடிப்பு. அதில் ஒரு மூலையைக் கத்திரிக்கோலால் வெட்டினாள். விரிக்கவில்லை. "விரிச்சா நடுவுல எத்தனை ஓட்டை இருக்கும்? யோசிச்சு நோட்டுல எழுதுங்க. ஏன்னும் எழுதணும்" என்றாள்.

மாரிச்செல்வம் உடனே இவர் நோட்டைப் பார்த்தான். இவர் 'இரண்டு' என்று எழுதியிருந்தார். அவனும் இரண்டு. அவனைப் பார்த்தவன் இரண்டு. வகுப்பில் பாதிக்கு இரண்டு. சிலர் எட்டு, சிலர் நாலு. ஜெபினா மட்டும் ஒன்று.

"சிகாமணி சார், நீங்க சொல்லுங்க."

இவர் கையைத் தூக்கிக்கொண்டேதான் இருந்தாராம். எழுந்து நின்றார்.

"ரெண்டு. தாள் எட்டு மடிப்பு. ஒரு ஓட்டைக்கு நாலு மூலை சேரணும். எட்டை நாலால வகுத்தா ரெண்டு."

"சரி சார், உக்காருங்க. ஜெபினா, நீ ஏன் ஒண்ணுன்னு எழுதியிருக்க?"

ஜெபினா எழுந்தாள். இவரைப் பார்த்தாள். இவர் சொன்னதற்கு எதிராக எப்படிச் சொல்வது? வாயே திறக்கவில்லை. பேராசிரியர் அம்மா பேனாவை எடுத்தாராம்.

இங்கே இசக்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அப்பம் நான் பயந்துட்டேன். எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். பொறவு, விடை எனக்கு மட்டும்தானே தெரியும்னு தோணுச்சு. அவ்வளவு நாளும் நான் சாரைப் பாத்தேன். அப்பம் பாக்கல. ஜெபினாவையே பாத்துட்டு நின்னேன். காத்துட்டு நின்னேன்."

ஜெபினா மெதுவாகச் சொன்னாளாம்: "டீச்சர், நீங்க வெட்டுனது நடு மூலை இல்ல. ஓரத்து மூலை. அங்க சில மடிப்பு திறந்து கெடக்கு. அது வெளிய போயிரும்."

இசக்கி தாளை மாரிச்செல்வத்திடம் கொடுத்து விரிக்கச் சொன்னாள். ஒரு மடிப்பு, இரண்டு, மூன்று. நடுவில் ஒரே ஒரு ஓட்டை. தாளின் இரண்டு ஓரத்திலும் பாதி பாதியாக வெட்டு.

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

"இந்த இடத்துல நான் சொல்லுதேன்" என்று இவர் உள்ளே புகுந்தார். "அந்த மாரிச்செல்வம் பய, தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு, எம்மூஞ்சியப் பாத்து, 'சார், ஒங்களுக்கும் தப்பா வருமா?'ன்னு கேக்கான்!"

"நீங்க என்ன சொன்னிய?"

"'வந்துட்டுல்லாடே! பாரு, நாலு மூலையும் ஒரே மூலைன்னு நெனச்சுட்டேன்'னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அப்பம் ஒங்களப் பாத்து எழுதுனது என் தப்பு'ன்னு சொல்லிட்டு, நோட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டான்."

அதன்பின் இசக்கி வேறு மூலையை வெட்டினாள், இன்னொரு மூலை, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் சண்டை. எட்டு என்றவனும் நாலு என்றவளும் ஏன் என்று எழுந்து எழுந்து சொன்னார்கள். யாரும் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. இவரையும் அதற்குமேல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். "கையத் தூக்கித் தூக்கி வலிக்கு" என்று தோளைத் தடவிக் காட்டினார்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் அம்மா முன்னிலையில் இவர் கேட்டார்: "நீ என்ன கவனிச்சேம்மா?"

"பிள்ளைக என்னையப் பாத்துச்சு சார்," என்றாளாம் இசக்கி.

இவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

இதெல்லாம் சொல்லி முடித்தபின் இசக்கி வாசலுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் அடுப்படியில் இருந்தாலும் காதில் விழுந்தது. "அப்பா, சித்தப்பாட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிருங்க. ... இல்லப்பா, கோவமா ஒண்ணும் சொல்லல. ... இல்ல. நான் டீச்சராத்தான் போவேன்." அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. இவள், "சரிப்பா, நேர்ல வந்து பேசுவோம். ஆனா பதில் இதுதான்" என்று வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. கருகிய மிளகாயில் அரைத்த துவையலும் தோசையும் வைத்தேன். நாலு சாப்பிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் இவர் ஏற்றிவிட்டு வந்தார்.

சர்வ வல்லவருக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை. பரிசுத்த நற்கருணை. சாளை மீன் அவியல்.

சாயங்காலம் பியூலா பேசினாள். வழக்கமான விசாரிப்பு. "அப்பாட்ட குடுக்கட்டா?" என்று நான் கேட்கவில்லை. இவரே பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார். கொடுத்தேன்.

"பியூலா, அப்பா பேசுதேன். வெள்ளிக்கிழமை ஏழாங்கிளாஸ்ல நான் ஒரு கணக்கைத் தப்பாச் சொல்லிட்டேன்ம்மா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். இவர் காத்திருந்தார்.

"என்ன கணக்கு?" என்றாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், எப்படியென்று தெரியாமல் எதையோ அழுத்தியிருக்க வேண்டும்.

மடிப்பு, மூலை, ஜெபினா, மாரிச்செல்வம் எல்லாம் சொன்னார். "ஒங்களுக்கும் தப்பா வருமா" என்ற இடத்தில் பியூலா சிரித்தாள். அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தத்தையும் மீறிக் கேட்டது. எட்டு வருடமாக அந்தச் சிரிப்பு போன் வழியாக எனக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

சிரித்து முடித்து, "அப்பா, அந்தப் பொண்ணு நாலாவதா இன்னொரு மடிப்பு மடிச்சிருந்தா, அதே ஓரத்து மூலையில எத்தனை ஓட்டை வரும்?" என்றாள்.

இவர் வாயைத் திறந்தார். நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

"தெரியல. நீ சொல்லாத," என்றார். "பொறு, வெட்டிப் பாக்கேன்."

பழைய காலண்டர் தாளைக் கிழித்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். போனைக் கால்பக்கம் வைத்திருந்தார். பியூலா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எந்தப் பக்கமா மடிக்கிய?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். முதல் தாள் கோணலாகப் போய்விட்டது. இரண்டாவது எடுத்தார்.

நான் அடுப்பைச் சிறிதாக்கினேன்.

மூன்றாவது தாளையும் கிழித்தார். அவள் இன்னும் போனை வைக்கவில்லை.